ஃபீல்டு போஸ்டிங்குக்குக் கத்தியும் மல்டி டூலும் வாங்கப் போகிறீர்களா?

ராணுவப் பயிற்சி முடிந்து யூனிட்டில் சேர்ந்து, முதல் முறையாக லடாக் பக்கம் ஃபீல்டு போஸ்டிங் (எல்லைப் பகுதிப் பணி) வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கோட்டு, பூட்ஸ், கையுறை, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் படையே கொடுத்துவிடும். கத்தியும் மல்டி டூலும்தான் பெரும்பாலும் சொந்தக் காசில் வாங்குகிற சாமான். மல்டி டூல் என்றால் பிளேயர், கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கி இருக்கும் கருவி. இந்த இரண்டில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். போன் திரையில் பார்த்து ஆசைப்பட்டு ஒரு பெரிய கறுப்புக் கத்தி வாங்கி, வழியில் சோதனையில் மாட்டிக்கொள்கிறார்கள். இல்லையென்றால் போலி மல்டி டூல் வாங்கி, முதல் மாதத்திலேயே அதன் வாய் கோணிப்போய் நிற்கிறார்கள். மலையில் இருந்தபோது நான் பட்டதையும் கூட இருந்தவர்கள் பட்டதையும் சேர்த்து, எந்த வரிசையில் செய்தால் சிரமம் இல்லையோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. காசை எடுக்கும் முன் யூனிட்டில் கேளுங்கள்

சொந்தக் கத்தி வைத்துக்கொள்வதில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. சில இடத்தில் மல்டி டூலுக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். உறையில் போடும் தனிக் கத்தி என்றால் கேள்வி வரும். உங்கள் செக்‌ஷன் கமாண்டரிடம் ஆரம்பித்து, தேவைப்பட்டால் பிளட்டூன் சாப் (பிளட்டூனுக்குப் பொறுப்பானவர்) வரைக்கும் கேட்டுவிடுங்கள். "சாப், லெதர்மேன் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், கூடவே நாலு அங்குலக் கத்தி ஒன்று, வைத்துக்கொள்ளலாமா?" என்று நேராகக் கேட்டால் நேராகப் பதில் கிடைக்கும். (லெதர்மேன் என்பது மல்டி டூல் செய்யும் ஒரு கம்பெனி.) கூடவே, நீங்கள் போகும் போஸ்டில் (மலைக் காவல் முகாமில்) போன வருஷம் இருந்தவர் யார் என்று விசாரியுங்கள். அவரிடம் பத்து நிமிஷம் பேசினால் போதும், கடைக்காரர் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

2. அங்கே என்ன வேலை இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்

கத்தி என்றதும் சண்டை ஞாபகம் வருகிறது. அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். போஸ்டில் ஒரு நாளில் கத்தி எடுக்கும் வேலை என்னென்ன? ரேஷன் டின் திறப்பது, பாக்கெட் கிழிப்பது, கூடாரக் கயிறு அறுப்பது, லங்கரில் (சமையல் கூடத்தில்) காய் நறுக்க உதவுவது. மற்றதெல்லாம் கட்டிங் பிளேயர் வேலை, ஸ்க்ரூ டிரைவர் வேலை. ஜெரிகேன் (எரிபொருள் கேன்) மூடி இறுகிக்கொள்ளும். புகாரியில் (அறையைச் சூடாக்கும் அடுப்பில்) மண்ணெண்ணெய் வரும் குழாயின் கிளிப் கழன்றுவிடும். பூட்ஸின் கொக்கி வளைந்துவிடும். டெலிபோன் லைன் அறுந்துவிடும். டார்ச்சின் பின்மூடி திறக்காது. அவ்வளவு ஏன், ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப் மாட்டிக்கொண்டால் இழுப்பதற்கும் பிளேயர்தான் வேண்டும்.

அதனால் முதல் பணம் மல்டி டூலுக்கு. தனிக் கத்தி அதற்கு அப்புறம், கையில் மிச்சம் இருந்தால். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பக்கத்துப் பங்கரில் பிளேயர் இரவல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ரைபிளை மட்டும் மல்டி டூலால் தொடாதீர்கள். அதற்கென்று கொடுத்த கிளீனிங் கிட் இருக்கிறது, மீறினால் ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரர் இருக்கிறார். பிளேயர் வாயின் பல் பட்ட தடம் இரும்பில் அப்படியே நிற்கும், கோத்தில் (ஆயுத அறையில்) திருப்பிக் கொடுக்கும்போது பதில் சொல்ல வேண்டி வரும்.

3. மல்டி டூல்: கையுறையோடு திறக்க முடிகிறதா?

கடையில் எல்லா டூலும் நன்றாகத்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே எடுத்துத் தரச் சொல்லி, கனமான ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு திறந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பழைய வடிவங்களிலும் மலிவான பலவற்றிலும் கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கைப்பிடிக்கு உள்பக்கம் இருக்கும். முதலில் பிளேயரை விரிக்க வேண்டும், அப்புறம் நகத்தால் நெம்பிக் கத்தியை எடுக்க வேண்டும். மைனஸ் இருபதில் கையுறையைக் கழற்றி அதைச் செய்ய முடியாது. வெறும் விரல் உலோகத்தில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோல் கையோடு வராது. ஆகவே கத்தி வெளிப்பக்கத்தில் இருக்கிற, கட்டை விரலால் தள்ளினால் திறக்கிற வடிவத்தைப் பாருங்கள். லெதர்மேன் வேவ் பிளஸ் அப்படிப்பட்டது. மூடிய நிலையில் 10 சென்டிமீட்டர், எடை 241 கிராம், கம்பி வெட்டும் பகுதி தேய்ந்தால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். விக்டோரினாக்ஸின் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட் கொஞ்சம் எடை குறைவு, விளிம்புகள் வழுவழுப்பாக இருப்பதால் அழுத்திப் பிடித்தாலும் உள்ளங்கையில் குத்தாது. கெர்பரின் எம்.பி. 600 வகையில் ஒரு கையால் உதறினால் பிளேயர் வாய் வெளியே வந்துவிடும், கையுறைக்கு அது பெரிய வசதி. ஆனால் கத்தி உள்பக்கம்தான்.

லெதர்மேன் சர்ஜ் இன்னும் பெரியது, 355 கிராம். மெக்கானிக், டிரைவர் என்றால் அது சரி. காலாட்படையில் பிட்டு (முதுகுப் பை) சுமந்து ஏறுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். பதினைந்தாயிரம் அடிக்கு மேல் ஒவ்வொரு நூறு கிராமையும் மூச்சு எண்ணிச் சொல்லும். ஸ்கெலிடூல் 142 கிராம்தான், ஆனால் அதில் ரம்பமும் அரமும் கிடையாது. வாங்கும் முன் அதையும் யோசியுங்கள்.

கத்தி திறந்ததும் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். சட்டைப் பையில் போடும் சிவப்பு ஸ்விஸ் கத்திகளில் 91 மில்லிமீட்டர் அளவில் வருபவற்றுக்குப் பூட்டு கிடையாது. ஆப்பிள் நறுக்கலாம், டின் திறக்கலாம். முனையால் குத்தினால் அலகு மடங்கி விரல் மேல் வந்துவிடும். உயரத்தில் சின்ன வெட்டுக்காயம்கூட ஆற நாளாகும். ஊரில் மூன்று நாளில் மறந்துபோகிற காயம் அங்கே கையுறைக்குள் வாரக்கணக்கில் வலிக்கும்.

டின் ஓப்பனர் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகம் பயன்படப் போவது அதுதான்.

4. தனிக் கத்தி வேண்டும் என்றால்

சின்னதாக, மடங்காததாக, ஒரு பக்கம் மட்டும் கூராக இருப்பதாக வாங்குங்கள். அலகு நாலு அங்குலம் இருந்தால் தாராளம். மடங்காத கத்திக்கு மூட்டு இல்லை, அதனால் பனி உறைந்து மாட்டிக்கொள்ள இடமும் இல்லை. ஸ்வீடனின் மோரா கம்பேனியன் போல ரப்பர் பிடியும் பிளாஸ்டிக் உறையும் உள்ள எளிய கத்தி போதும். உறையோடு சேர்த்தே நூற்றுச் சொச்சம் கிராம்தான். இரண்டு பக்கமும் கூரான குத்துவாள் வடிவம், முதுகில் ரம்பப் பல் வைத்தது, பிடிக்குள் திசைகாட்டி வைத்தது, இவையெல்லாம் படத்தில் பார்க்கத்தான் நன்றாக இருக்கும். உள்ளே பொந்து விட்ட பிடி, கட்டை பிளக்கும்போது அலகோடு சேரும் இடத்தில் உடைந்துவிடும்.

எஃகைப் பற்றிக் கடைக்காரர் நிறையப் பேசுவார். உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். 420 ஹெச்.சி. போன்ற எஃகு சீக்கிரம் மழுங்கும், ஆனால் சின்னக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும். டி2 போன்றது வெகுநாள் கூர் நிற்கும், ஆனால் மழுங்கிவிட்டால் போஸ்டில் உட்கார்ந்து தீட்டி மீட்பது பெரும்பாடு. எவர்சில்வரைப் போல இல்லாமல் துருவும் பிடிக்கும். மேலே சாணை பிடிக்கிறவர் வர மாட்டார். அதனால் என் ஓட்டு தீட்ட எளிதான எஃகுக்குத்தான். கூடவே விரல் நீளத்துக்கு ஒரு வைரத் தகட்டுச் சாணை வாங்கிக்கொள்ளுங்கள்.

5. போலியைக் கண்டுபிடிப்பது

லெதர்மேன் பெயரில் போலி ஏராளம். ஆன்லைனிலும் கிடைக்கிறது, பஜார் கடைகளிலும் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் பாதி விலைக்குக் கிடைத்தது என்று வாங்கினார். ஜெரிகேன் மூடியைப் பிடித்துத் திருப்பியதும் பிளேயர் வாயின் இரண்டு முனையும் ஒன்றை ஒன்று தாண்டி நின்றது.

கையில் எடுத்ததும் இதைச் செய்யுங்கள். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நல்ல டூலில் முனை இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்திருக்கும். ஒரு தாளை அதன் கம்பி வெட்டும் இடத்தில் வைத்து நறுக்குங்கள். சுத்தமாக வெட்டுப்பட வேண்டும், மசங்கி மடியக் கூடாது. பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பெயர் பொறித்திருக்கும் எழுத்து ஆழமாக, ஒரே சீராக இருக்கிறதா? பிறகு விலை. வேவ் பிளஸ் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் பொருள். நாலாயிரத்துக்குத் தருகிறேன் என்றால் அது அது இல்லை.

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். லெதர்மேனுக்கு 25 வருஷ உத்தரவாதம் உண்டு, விக்டோரினாக்ஸ் கருவிகளுக்கு உற்பத்திக் குறைபாட்டுக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம். அதற்கு டூல் அசலாக இருக்க வேண்டும். பில்லைப் படம் எடுத்து போனில் வைப்பதோடு, ஒரு நகலை வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கை இறுக்கமாக இருந்தால் போலி லெதர்மேனை விட, விலை குறைந்த வேறு கம்பெனியின் அசல் டூல் எவ்வளவோ மேல். அதுவும் முடியவில்லையா, ஊர் ஹார்டுவேர் கடையில் ஒரு நல்ல சிறிய கட்டிங் பிளேயரும் பூட்டு இல்லாத சின்ன ஸ்விஸ் கத்தியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும், முக்கால்வாசி வேலையும் ஓடும்.

6. லீவிலேயே வாங்கிவிடுங்கள்

ஃபீல்டுக்குப் போன பிறகு ஆர்டர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே உங்கள் விலாசம் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்), வடகிழக்கு என்றால் 99 ஏ.பி.ஓ. தனியார் கூரியர் அந்த விலாசத்துக்கு வராது, தபால் துறை மட்டும்தான். வீட்டில் வாங்கி ஸ்பீடு போஸ்டில் அனுப்பச் சொல்லலாம். ஆனால் கூரான பொருளை முனை வெளியே வராதபடி உறை, அட்டை, துணி என்று நன்றாகப் பொதிந்துதான் தபாலில் போட வேண்டும். குளிர்காலத்தில் சாலை அடைபட்டால் தபாலும் தாமதமாகும்.

போஸ்டிங் தெரிந்ததும், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலாவது வாங்கிவிடுங்கள். ஏதாவது குறை இருந்தால் மாற்ற நேரம் கிடைக்கும். வீட்டிலேயே ஒரு வாரம் எல்லா வேலைக்கும் அதைத்தான் எடுங்கள். அம்மா டப்பா திறக்கக் கூப்பிட்டாலும் அதையே எடுங்கள்.

7. பயணமும் காகிதமும்

பெரும்பாலானவர்கள் சிக்குவது இங்கேதான். கவனமாகப் படியுங்கள்.

ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீடு, விவசாயம், தொழில், அறிவியல் வேலைக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. இதைப் படித்துவிட்டு "என் கத்தி சின்னது, ஒன்றும் ஆகாது" என்று இருந்துவிடாதீர்கள். டெல்லிக்குத் தனி அறிவிக்கை இருக்கிறது, 1980-லிருந்து. பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங்கில் திறக்கும் கத்தி, அதுபோல் வேறு இயந்திர அமைப்பில் திறந்து மூடும் கத்தி, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அதற்கு மேலும் இருந்தால் அங்கே வைத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போகும் ரயில் பயணத்தில் டெல்லியில் இறங்கி மாறுகிறவர்கள் அநேகம். ஆகவே ஸ்பிரிங் கத்தி எந்த அளவிலும் வேண்டாம். மல்டி டூலில் வரும் அலகு பொதுவாக மூன்று அங்குலத்துக்குள் அடங்கும். வேவ் பிளஸ்ஸில் 2.9 அங்குலம்.

நான் ராணுவம், எனக்கு விலக்கு உண்டு என்று வாதம் செய்யாதீர்கள். பணிக்காகப் படை கொடுத்த ஆயுதம் வேறு, பையில் இருக்கும் சொந்தக் கத்தி வேறு. சோதனை செய்யும் காவலருக்கு இது தெரியும்.

ரயிலில் போகும்போது கத்தியை உறையில் போட்டு, துணியில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இடுப்பிலோ, பிட்டுவின் வெளிப்பையிலோ வேண்டாம். டெல்லியில் ஸ்டேஷன் மாற மெட்ரோவில் ஏறினால் பையை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், கத்தி கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கத்தி கையில் இருக்கும் நாளில் ஆட்டோவோ டாக்ஸியோதான் நல்லது.

விமானத்தில் மல்டி டூல் கைப்பையில் போகவே போகாது, கத்தி இல்லாத பிளேயர் என்றாலும் போகாது. செக்-இன் செய்யும் பெட்டியில்தான் போட வேண்டும். அன்று காலை உடுத்தும் பேன்ட்டின் எல்லாப் பைகளையும் தடவிப் பாருங்கள். பழக்கத்தில் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு பாதுகாப்புச் சோதனை வரை வந்துவிட்டால், பெட்டி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். பத்தாயிரம் ரூபாய்ப் பொருளைத் தொட்டியில் போட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். சண்டீகரிலிருந்து படையின் கூரியர் விமானத்தில் போகிறவர்கள் அங்கே மூவ்மென்ட் கன்ட்ரோலில் (பயண ஏற்பாட்டு அலுவலகத்தில்) சொல்லும்படி செய்யுங்கள்.

கையில் எப்போதும் எடுக்கும்படி இவை இருக்கட்டும்: அடையாள அட்டை, மூவ்மென்ட் ஆர்டர் (பயண உத்தரவு) அல்லது லீவ் சர்டிஃபிகேட், டூல் வாங்கிய பில். யாராவது கேட்டால் பணிவாக மூன்றையும் காட்டுங்கள். வேலைக்கான கருவி என்பதற்குப் பில்லில் எழுதியிருக்கும் மாடல் பெயர் துணைக்கு வரும்.

8. லேயில் முதல் ஆறு நாள்

லே 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. வந்து இறங்கியதும் உடம்பு பழகுவதற்கு ஆறு நாள் கொடுப்பார்கள். அதற்கும் மேலே போனால் இன்னும் நாலு நாள், பதினைந்தாயிரம் அடியைத் தாண்டினால் மறுபடி நாலு நாள். ஓடாதே, தூக்காதே, ஓய்வெடு என்று சொல்லும் அந்த நாட்களில் உட்கார்ந்தபடி இரண்டு காரியம் செய்துவிடுங்கள்.

ஒன்று, கயிறு கட்டுங்கள். பல மல்டி டூல்களில் அதற்கென்று ஒரு வளையம் இருக்கும். மெல்லிய பாராகார்டு கயிறு ஒன்றரை முழம் எடுத்து ஒரு முனையை அதில், மறுமுனையைப் பெல்ட்டிலோ சட்டைப் பொத்தான் துளையிலோ முடியுங்கள். தளர்ந்த பனியில் டூல் கைநழுவினால் சத்தமே கேட்காது. விழுந்த இடத்தில் ஒரு சின்னப் பொத்தல் மட்டும் இருக்கும், அடுத்த காற்றில் அதுவும் மூடிவிடும். பச்சைக் கயிறாக இருந்தால் வெள்ளையில் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று, படை கொடுத்த கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கருவியையும் எடுத்து மடக்கிப் பழகுங்கள். இரவில் டார்ச் அடிக்க முடியாத வேளை வரும். எந்தப் பக்கம் கத்தி, எந்தப் பக்கம் ரம்பம் என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

9. குளிரில் பராமரிப்பு

டூல் மாட்டிக்கொள்வதற்குக் குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெளியே உறைந்து கிடந்த உலோகத்தை புகாரி எரியும் பங்கருக்குள் கொண்டுவந்தால், ஒரு நிமிஷத்தில் அதன் மேல் வியர்த்ததுபோல ஈரம் கோக்கும். அந்த ஈரம் மூட்டுக்குள் இறங்கும். மறுபடி வெளியே எடுத்துப் போனதும் அது பனிக்கட்டி. அப்போது கத்தியைத் திறக்கப் பார்த்தால் அசையாது. பலம் போட்டு நெம்பினால் ஏதாவது ஒன்று உடையும்.

வழி இரண்டு. ராத்திரி பணியில் உள்ளே வெளியே போய்வர வேண்டியிருந்தால் டூலைக் கோட்டின் வெளிப்பையிலேயே விட்டுவிடுங்கள், உள்ளே வந்தாலும் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். பணி முடிந்து வந்துவிட்டால் முழுவதும் விரித்து வையுங்கள், ஈரம் கோத்து முடிந்ததும் துணியால் ஒவ்வொரு மடிப்பையும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மூடுங்கள்.

ஊரில் போடுகிற கெட்டி எண்ணெயோ கிரீஸோ அங்கே தேன் மாதிரி இறுகிவிடும். மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டுத் துடைத்துவிடுங்கள், அல்லது கிராஃபைட் தூள் போடுங்கள்.

மாட்டிக்கொண்ட அலகை ஸ்டவ் நெருப்பில் காட்டி இளக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். எஃகின் பதம் போய்விடும், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. உடம்போடு ஒட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலே பனி விட்டுவிடும்.

கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் குணம் கூடுகிறது. உறைந்த டின்னையோ பலகையையோ கத்தி முனையால் நெம்பினால் முனை பட்டென்று போய்விடும். நெம்புவதற்குப் பெரிய ஸ்க்ரூ டிரைவர் பக்கத்தை எடுங்கள். வேலியில் போடும் முள்சுருள் கம்பிக்குள் இருப்பது கடினமான எஃகு. மல்டி டூலால் வெட்டினால் வெட்டும் வாயில் பிறை வடிவில் ஓட்டை விழும். அதற்கு யூனிட்டின் வயர் கட்டர் இருக்கிறது. ஜெனரேட்டர் லைனில் கை வைக்கும் முன் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் மல்டி டூலின் பிடி வெறும் உலோகம், ரப்பர் உறை கிடையாது.

10. வேறு இடத்துக்குப் போஸ்டிங் என்றால்

ராஜஸ்தான் பக்கம் என்றால் எண்ணெயே விடாதீர்கள். மணல் அதில் ஒட்டி மூட்டை அரைத்துவிடும். தினமும் ஊதி, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டினால் போதும். வடகிழக்கின் மழைக்காட்டுக்குப் போகிறவர்கள் கார்பன் எஃகுக் கத்தி வாங்க வேண்டாம். தோல் உறையும் வேண்டாம், அது ஈரத்தைக் குடித்துவைத்துக்கொண்டு கத்தியை உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். நைலான் உறை, துருப்பிடிக்காத எஃகு, வாரம் ஒரு முறை ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான் அங்கே.

11. லீவில் வரும்போது

டூலை எடுத்து வர வேண்டிய அவசியம் இல்லை. பெரிய பக்ஸாவில் (டிரங்குப் பெட்டியில்) பூட்டி யூனிட்டிலேயே விட்டு வரலாம், அல்லது உங்களுக்குப் பதிலாக அங்கே இருக்கும் நண்பரிடம் கொடுத்து வரலாம். பழுது பார்க்க வேண்டும் என்றால் மட்டும் எடுத்து வாருங்கள், பில் நகலோடு. சர்வீஸுக்குக் கொடுத்தால் திரும்பி வரப் பல வாரம் ஆகலாம் என்பதால், லீவின் முதல் நாளிலேயே அனுப்பிவிடுங்கள். ஒரு மாத லீவில் கடைசி வாரத்தில் கொடுத்தால் அது வீட்டுக்கு வரும்போது நீங்கள் மறுபடி ஏ.பி.ஓ. விலாசத்தில் இருப்பீர்கள்.